ஒன்பது வழிகள் போட்ட வரைபடம்

என் கடையில், சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய பலகைக்கு மேலே ஒரு வரைபடம் தொங்குகிறது. முழுநீளத் தாள். இடது மூலையில் துளையிட்டுப் பச்சை டேக் நூல் கோத்திருக்கிறது. மேலே வலப்பக்கம் ‘ஆபீஸ் காப்பி’ என்று மேடத்தின் கையெழுத்து. கீழே ஓர் அலுவலகத்தின் வட்ட முத்திரை, அதன்மேல் பெற்றுக்கொண்டவரின் கிறுக்கல். நடுவில் ஒரு கல்குன்று, அதைச் சுற்றிப் பழைய மதில், மதிலில் சிவப்பு மையில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். எண் போடாத ஒரு சின்னப் புள்ளியும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். சைக்கிள் சரிசெய்ய வருகிறவர்கள் வேலை முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். “என்ன அண்ணா, புதையல் மேப்பா?” என்று கேட்காதவர் குறைவு. புதையலெல்லாம் இல்லை. எங்களை நாங்களே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டதற்கு அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த அத்தாட்சி அது.

மேடம் என்று நான் சொல்வது குஷாய்குடா பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தபால் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை. திருநெல்வேலிக்காரர். முப்பது வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. உள்ளே வரும் கடிதத்துக்கு எண் போடுவது, வெளியே போகும் கடிதத்துக்கு எண் போடுவது, போனது போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வாங்கி வைப்பது, இதுதான் அவருடைய வேலை. “ஒப்புகை இல்லாத காகிதம் காகிதமே இல்ல தம்பி, அது குப்பை” என்பார். எழுதியதில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவார். என்னிடம் கொடுக்கும் வேலைச் சீட்டில் ‘பின் பிரேக்’ என்பதை அடித்து ‘முன் பிரேக்’ என்று எழுதினால் அதற்கும் ஒரு சுருக்கொப்பம். கோடு போட்ட நோட்டில் கிழித்த சீட்டுக்கு.

நான் அதற்கு நேர்மாறு. எட்டாம் வகுப்போடு ஆம்பூரில் பள்ளியை விட்டேன். தோல் பதனிடும் இடத்தில் ஒரு வருடம், லாரியில் கிளீனராக மூன்று வருடம், விசாகப்பட்டினத்தில் ஒரு மீன் கிடங்கு, பிறகு கோவா, பிறகு மணாலி. மணாலியில் மலைச் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் பாத்திரம் கழுவப் போய்ச் சைக்கிளும் கழுவி, கழுவின சைக்கிளைப் பிரித்துப் பார்த்துத்தான் ஷாக் வேலையும் கியர் வேலையும் கற்றுக்கொண்டேன். குளிர்காலத்தில் அந்தக் கடை மூடினால் படுக்க இடம் கிடையாது. அப்படி ஒரு குளிர்காலத்தில் இறங்கி வந்த இடம் ஹைதராபாத். ஆம்பூரை விட்டபின் எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. இங்கே ஏழு ஆகிவிட்டது. காரணம் ஊர் இல்லை, அந்தக் குன்று.

மேடம் முதன்முதலில் கடைக்கு வந்தது ஒரு மலைச் சைக்கிளை விற்பதற்காக. மகள் புனேவுக்கு வேலைக்குப் போகும்போது பால்கனியில் விட்டுப்போனது. இரண்டு டயரும் வெடித்து, சங்கிலி துருவேறி இருந்தது. சரிசெய்து கொடுத்தேன். விற்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெருமுனைவரை போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். முழங்காலில் சிராய்ப்பு, சுடிதாரின் ஓரம் சங்கிலியில் மாட்டிக் கிழிந்திருந்தது. “விக்கலை தம்பி” என்று மட்டும் சொன்னார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கணவர் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அடுத்த ஞாயிறு, நாங்கள் சிலர் குன்றில் சைக்கிள் ஓட்டக் கிளம்பும் நேரத்துக்கு, கால் பக்கம் துணியைச் சுருட்டி, அலுவலகத்தில் கட்டுக் காகிதம் பிடிக்கும் பெரிய கறுப்புக் கிளிப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசிவரை அந்தக் கிளிப்தான். மற்றவர்கள் போட்டிருந்த உடைகளைப் பார்த்து ஒருநாளும் கூச்சப்படவில்லை.

குன்றை நாங்கள் தெலுங்கில் எல்லோரும் சொல்வதுபோலக் குட்டா என்றே சொல்வோம். யானை முதுகு மாதிரிப் பாறைகள், சீத்தாப்பழப் புதர், சீமைக்கருவேல முள். பழைய மதில் இடிந்த இடங்கள் வழியாக ஆடு மேய்ப்பவர்கள் போவார்கள், நாங்களும் போவோம். உள்ளே நாலு கிலோமீட்டர் தடம் இருந்தது. யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. ஓட்டி ஓட்டி விழுந்தது, விழுந்து விழுந்து திருத்தியது. வழுக்குப் பாறை ஒன்றுக்குத் தோசைக்கல் என்று பேர். மழை நின்ற மறுநாள் மேடம் சைக்கிள் இல்லாமல் நடந்தே வருவார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க. ஓடும் இடத்தில் கற்களைச் சாய்வாக வரிசை வைத்து நீரைத் தடத்திலிருந்து வெளியே திருப்பி விடுவோம். அப்படித் திருப்பாத தடம் ஒரே மழைக்காலத்தில் வாய்க்காலாகிவிடும். குடிகாரர்கள் உடைத்துவிட்டுப் போகும் பாட்டில்களைப் பொறுக்குவதும் எங்கள் வேலை. சமூக சேவை இல்லை, பஞ்சர் பயம்தான்.

அவர் ஓய்வு பெறும் வருடம் வந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் புனேவுக்கு வரச் சொல்லி நச்சரித்தாள். கடையில் நின்று மேடம் போனில் பேசுவது எனக்குக் கேட்கும். இவர் திருநெல்வேலித் தமிழில் கேட்பார், அவள் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வாள். “அம்மா, நுவ்வு ஒக்கதானிவே அக்கட, ஏமைனா அயிதே?” தனியாக இருக்கிறாய், ஏதாவது ஆகிவிட்டால் என்ற அதே பல்லவி. “ஆச்சின்னா பாத்துக்கிடுதேன்ட்டீ. இங்க ஒரு ஒத்த ரூம் பாத்தாச்சி. இந்தக் குட்டா இருக்க வரைக்கும் நான் எங்கயும் வரல” என்று மேடம் வைத்துவிடுவார். குட்டாவுக்கு எதிர்ப்புறம் நிஜமாகவே ஒற்றை அறை பார்த்து முன்பணமும் கொடுத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் தோசைக்கல் தெரியும்.

அந்த மாதம்தான் மதிலில் எழுதினார்கள்: அரசு நிலம், அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை. பூங்கா வரப்போகிறதாம். ஒரு வாட்ச்மேனையும் போட்டார்கள். வயதான, நல்ல மனிதர். எங்களைத் தடுப்பதில் அவருக்கே வெட்கம். “நக்கோ ஜாவ் மேடம், மேரேகு ஊப்பர்சே ஆர்டர் ஹை”, போகாதீங்க, மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நாங்கள் போய்விடுவோம். இப்படியே விட்டிருந்தால் இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும் என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். இந்த நாட்டில் எழுதிப் போட்ட தடை வேறு, நடக்கிற தடை வேறு. லாரியில் சுற்றினவனுக்கு இது தெரியும். தபால் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்தவருக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஓட்டம் முடிந்து கடை வாசலில் டீ குடிக்கும்போது பேச்சு நடந்தது. எங்களில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். குகட்பள்ளியிலிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வரும் ஒரு சாஃப்ட்வேர்காரன் அதில் ஒருவன்.

“ஆன்லைன் பெட்டிஷன் போடலாம் மேடம். ரெண்டு நாள்ல ஆயிரம் பேர் சைன் பண்ணுவாங்க” என்றான்.

“யாரு ஆயிரம் பேரு? இந்தக் குட்டாவுல ஏறினவங்களா?”

“அது... சப்போர்ட் பண்றவங்க.”

“ஏறாதவன் கையெழுத்து எதுக்குய்யா? நான் முறைப்படி எழுதுதேன். மனு, கூட ஒரு வரைபடம். மத்த வழியெல்லாம் நீங்களே அடைச்சிருங்க, ஒரே ஒரு வழிய மட்டும் எங்களுக்கு விடுங்க, அதுல ஒரு ரெஜிஸ்டர் வையிங்க, பேர் எழுதிட்டுப் போறோம். இதை எந்த ஆபீசராவது மாட்டேம்பாரா?”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “மேடம், சொன்னா கேளுங்க. மனு குடுங்க, வேணாங்கல. மேப் மட்டும் குடுக்காதீங்க. ஓட்டை எங்கெங்க இருக்குதுன்னு அவங்களுக்கே தெரியாது. நாம ஏன் போய் காட்டணும்?”

“மறைச்சு வச்சுக்கிட்டுக் கேட்டா அதுக்குப் பேரு கேக்கது இல்ல தம்பி, களவு. பாதி சொன்ன மனுவ எவன் நம்புவான்?”

“போலீஸ்காரன்கிட்ட லாரி டிரைவர் எல்லா பேப்பரையும் காட்டுவானா மேடம்?”

“அதான் அவன் லாரி ரோட்டோரத்துல நிக்கி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் எரிச்சல் வருகிறது.

கடைசியில் மதிலைச் சுற்றி வந்து வழிகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தவன் யார்? நான்தான். வேறு யாருக்கும் எல்லாம் தெரியாது. இரண்டு காலை நடந்து, ஒவ்வொரு இடிசலுக்கும் அகலம் அளந்து, பக்கத்தில் என்ன மரம் என்று குறித்துக் கொடுத்தேன். ஒன்பது கொடுத்தேன். பத்தாவது ஒன்று இருந்தது. வடக்கு மூலையில் மதில் ஒரு பெரிய பாறையின் மேல் ஏறி முடியும். பாறைக்கு அடியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் இடம். சைக்கிளை உருட்டிக்கொண்டு போக முடியாது. ஒருவர் உள்ளே போய் நின்று, வெளியே இருப்பவர் சாய்த்து நீட்டுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அதை நான் சொல்லவில்லை. முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பொய். எந்த ஊரில் தங்கினாலும் வெளியேற ஒரு வழியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது என் பழக்கம். அவ்வளவுதான். மேடம் வரைபடத்தின் கீழே, ‘இவை தவிர வேறு வழி இல்லை எனச் சான்றளிக்கிறேன்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூங்கா வேலையைப் பார்க்கும் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார். வரைபடத்தை விரித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மதிலின் நீளம், ஒவ்வொரு இடிசலின் அகலம், அடையாளம், எல்லாம் மூன்று நிற மையில். எங்கள் சர்வேயர்கூட இப்படிப் போட்டுத் தந்ததில்லை என்று தெலுங்கில் சொல்லி, பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மேடத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. முத்திரை குத்திய ஆபீஸ் காப்பியைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது, “பாத்தீங்களா, காகிதம் ஒழுங்கா இருந்தா மனுசன் ஒழுங்கா நடப்பான்” என்றார். அந்த மனிதர் மனுவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று சொல்லாமல் விட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றே வாரம். இந்த ஊரில் பள்ளத்தை மூட மூன்று வருடம் ஆகும், எங்கள் வழிகளை மூட மூன்று வாரம். ஒரு காலை போனால் ஒன்றாம் வழியில் சிமெண்ட் கல் அடுக்கிப் பூசி, ஈரம் காயாமல் இருந்தது. பூசிய இடத்தில் சிவப்பு பெயிண்டில் 1 என்று எழுதியிருந்தார்கள். சுற்றி வந்தோம். 2. 3. நான்காம் வழியில், ரெஜிஸ்டர் வைக்கச் சொன்ன இடத்தில், மற்றவற்றைவிட உயரமாகக் கட்டி மேலே கண்ணாடித் துண்டு பதித்திருந்தார்கள். அது எங்களுக்கு முக்கியமான வழி என்று மனுவிலேயே எழுதியிருந்தோமே! 9 வரை வரிசை தப்பவில்லை. எண்கள்கூட மேடம் போடும் விதத்திலேயே இருந்தன, ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோட்டோடு. கொத்தனார் கையில் வரைபடத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெரிய இரும்பு கேட் மட்டும் அகலத் திறந்திருந்தது. வீடு இடித்த கற்களை ஏற்றிய லாரிகள் அதன் வழியாக உள்ளே போய்த் தடத்தின்மேல் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தன. வாட்ச்மேன் எழுந்து நின்று மேடத்துக்கு வணக்கம் வைத்தார்.

பதில் கடிதமும் வந்தது. தங்கள் மனுவின் இணைப்பில் கண்ட இனங்கள் ஒன்று முதல் ஒன்பது வரை நடவடிக்கை எடுத்து முடிக்கப்பட்டது, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. மேடம் அதை எங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். குகட்பள்ளிக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். மேடம் மறுபடி எழுதினார். பிறகு நினைவூட்டல் எழுதினார், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வந்தது. ஒப்புகை தவிர வேறொன்றும் வரவில்லை. எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் இருந்த கோபத்தைவிட இவர்மேல் அதிகம் கோபம். இவர்மேல் இருந்ததைவிட, நடந்து நடந்து அளந்து கொடுத்த என்மேல் அதிகம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “விடுங்க மேடம். இன்னொரு வழி இருக்குது. வடக்கு மூலையில, பாறைக்கு அடியில.”

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. “எப்பத்துல இருந்து தெரியும்?”

“மொதல்லேர்ந்தே.”

“நான் கையெழுத்துப் போடையில பக்கத்துல நின்னீங்கல்ல?”

“நின்னேன்.”

“வேற வழி இல்லன்னு எழுதினேன். முப்பது வருசத்துல பொய்யா ஒரு காகிதத்துலயும் என் கையெழுத்து போனது கெடையாது. இப்ப போயிருக்கு. உங்களால.” அவ்வளவுதான். சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்து போனார்.

எனக்கும் வந்ததே ஆத்திரம். அவர்கள் ஒன்பதையும் மூடியதற்கு ஒரு சொல் கோபமில்லை, நான் ஒன்றைத் திறந்து வைத்ததற்கு இத்தனை கோபமா? எங்கே திருத்தக் கடிதம் ஒன்று எழுதி, ‘முந்தைய வரைபடத்தில் ஒரு வழி விடுபட்டுவிட்டது, வருந்துகிறேன்’ என்று பத்தாவதையும் போய்க் கொடுத்துவிடுவாரோ என்று ஒரு மாதம் பயந்தேன். செய்யக்கூடியவர்தான். வாரம் இரண்டுமுறை வடக்கு மூலைக்குப் போய்ப் பூசிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருவேன்.

ஒற்றை அறையை அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டது வேறொருவர் மூலம் தெரிந்தது. புனேவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின காலை, வெயில் ஏறும் முன் கடைக்கு வந்தார். கிளிப் போட்டிருந்தார்.

“சைக்கிள்ல காத்து இருக்கா?”

“இருக்குது மேடம்.”

“எங்க அந்த வழி? காட்டுங்க.”

வடக்கு மூலைக்கு ஓட்டிப் போனோம். பாறை அருகே இறங்கி, குனிந்து உள்ளே பார்த்தார். “இதுக்குள்ளயா?” என்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் ஊன்றி உள்ளே போனார். வயது அறுபது. அந்தப் பக்கம் நின்று, “நீட்டுங்க” என்றார். அவர் சைக்கிளைச் சாய்த்து நீட்டினேன், வாங்கினார். என்னுடையதை நீட்டினேன், வாங்கினார். ஒரு மணி நேரம் ஓட்டினோம். தடத்தில் பாதி இல்லை. இருந்த பாதியில், பூங்காவுக்காக ஓடு பதித்த நடைபாதை குறுக்கே போனது. முதல் மழையிலேயே அதன் அடியில் மண் கரைந்து ஓடுகள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. “தண்ணி போற வழியில போட்டிருக்கானுவ பாருங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா” என்று மேடம் சைக்கிளை நிறுத்தினார். பிறகு இறங்கி நாலு கல்லை எடுத்து, அவர்களுடைய ஓட்டுக்குப் பக்கத்திலேயே சாய்வாக வரிசை வைத்தார். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. நானும் நாலு கல் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் பையிலிருந்து ஆபீஸ் காப்பியை எடுத்துப் பலகையில் வைத்தார். “இதை வீட்டுல வச்சா மக பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுருவா. நீங்க வையிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் விரித்துப் பார்த்தேன்.

இப்போது பூங்கா திறந்தாகிவிட்டது. கேட்டில் ‘சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை. எங்கள் கூட்டத்தில் கார் இருப்பவர்கள் சைக்கிளைக் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் போய் ஓட்டுகிறார்கள். சைக்கிள் ஓட்ட டீசல் ஊற்றும் காலம். கார் இல்லாத நான் குனிந்து வேலை பார்க்கிறேன். வேறு ஊருக்குப் போகலாமா என்று மாதம் ஒருமுறை தோன்றுகிறது. மேடம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “அந்த மூலை?” என்பார். “அப்படியேதான் இருக்குது மேடம்” என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். அது உண்மைதான். யாரும் அடைக்கவில்லை. நானும் அதில் நுழைவதில்லை, உள்ளே நின்று சைக்கிளை வாங்க ஆள் வேண்டும்.

போன வாரம் புதிதாக ஒரு பையன் கியர் கம்பி மாற்ற வந்தான். போனில் வழி பார்த்துப் பார்த்தே வளர்ந்த வயது. வேலை முடியும்வரை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கிட்டே போய் விரலை வைத்தான்.

“அண்ணா, எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. வடக்கு மூலையில இந்த ஒரு டாட்டுக்கு மட்டும் இல்லையே?”

“மை சிந்திடுச்சுப்பா.”

அவன் இன்னும் குனிந்து பார்த்தான். “பக்கத்துல சின்னதா சைன் போட்டிருக்காங்களே?”

“மை சிந்தினாலும் சைன் போடற ஆளு அவங்க” என்று சொல்லிவிட்டு, கம்பியை இழுத்துக் கட்டினேன்.